முதல் உலகப் போரில் குண்டு செய்த பெண்கள்: கிடைத்தது விடுதலையா, வெறும் வேலையா?

மாடிவீட்டு மணி எழுதியது:

சட்டைக் கையை மடித்துப் புஜத்தைக் காட்டி நிற்கும் அமெரிக்கப் பெண்ணின் சுவரொட்டியை எல்லோரும் பார்த்திருப்போம். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே பிரிட்டனில் லட்சக்கணக்கான பெண்கள் பீரங்கிக் குண்டுகளுக்கு மருந்து நிரப்பியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் அதிகம் பேச்சில்லை என்பதால் இந்த இழை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும் என்று நம்பியவர்கள் நிறைய. அது பதுங்குகுழிப் போராக மாறியதும் பீரங்கிகளுக்குத் தீனி போட்டு மாளவில்லை. 1915 மே 9 அன்று பிரான்சில் ஓபர்ஸ் ரிட்ஜ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் தாக்குதல் படுதோல்வி அடைந்தது. போதிய குண்டு இல்லாததுதான் காரணம் என்று மே 14 அன்று 'டைம்ஸ்' நாளிதழ் எழுத, அரசாங்கமே ஆட்டம் கண்டது. பிரதமர் அஸ்குவித் எதிர்க்கட்சிகளையும் சேர்த்துக்கொண்டு கூட்டணி அமைச்சரவை அமைத்தார். போர்த்தளவாடத்துக்கென்று தனி அமைச்சகம் பிறந்தது, அதற்கு லாயிட் ஜார்ஜ் அமைச்சரானார். ஆண்கள் படைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். அப்புறம் யார் வேலை செய்வது?

அந்த ஜூலையில் பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிவந்த எமிலின் பாங்க்ஹர்ஸ்ட் தலைமையில் ஆயிரக்கணக்கான பெண்கள் லண்டனில் ஊர்வலம் போய், எங்களுக்கும் வேலை கொடுங்கள் என்று கேட்டார்கள். போர் முடியும்போது தளவாட வேலையில் இருந்த பெண்கள் ஒன்பது லட்சத்துக்கு மேல்.

என் கட்சி இதுதான்: போர் வந்திராவிட்டால் இந்தப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டார்கள். 1918-ல் ஓட்டுரிமை கிடைத்ததும் இந்த உழைப்பின் பலன்தான். மறுப்பவர்கள் வரலாம்.

நூல்வேலி எழுதியது:

மறுக்கிறேன் மணி சார். இரண்டு இடங்களில்.

முதலாவது, அந்த ஊர்வலம். அதற்கான செலவைக் கொடுத்ததே லாயிட் ஜார்ஜின் அமைச்சகம். அரசுக்கு ஆள் வேண்டியிருந்தது, தொழிற்சங்கங்களை வழிக்குக் கொண்டுவரவும் வேண்டியிருந்தது. பெண்களே வந்து கேட்டார்கள் என்று காட்டினால் இரண்டும் நடக்கும். ஊர்வலத்தில் போனவர்கள் உண்மையான ஆர்வத்தில்தான் போனார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேடை போட்டுக் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, "வீட்டை விட்டு வெளியே". எந்த வீடு? போர் தொடங்கியபோதே பிரிட்டனில் வேலை பார்த்த பெண்கள் ஏறத்தாழ 60 லட்சம். அதில் 16 லட்சத்துக்கு மேல் அடுத்தவர் வீட்டில் வேலைக்காரிகள். விடியற்காலை எழுந்து அடுப்புக் கரி அள்ளி, மாடிப்படி தேய்த்து, மாதத்துக்கு ஓர் அரை நாள் விடுப்புக்குக் கெஞ்சி நின்றவர்கள். லங்காஷயர் பருத்தி ஆலைகளில் தறி ஓட்டியவர்கள் தனி. 1918-ல் வேலை பார்த்த பெண்கள் 73 லட்சம். கூடுதல் 13 லட்சம்தான். மீதிப் பேர் முன்பிருந்தே உழைத்துக்கொண்டிருந்தவர்கள், வேலையை மாற்றிக்கொண்டார்கள். வீட்டு வேலையை விட்டு மட்டும் நான்கு லட்சம் பேர் வெளியேறியிருக்கிறார்கள்.

அடுப்படியிலிருந்து ஆலைக்கு வந்தார்கள் என்பது நடுத்தரக் குடும்பத்துக் கதை. எஜமானி வீட்டு அடுப்படியிலிருந்து வந்தார்கள் என்றால் சரி.

பனித்துளி எழுதியது:

நல்ல இழை. குண்டுக்குள் நிரப்பும் டிஎன்டி வெடிமருந்தோடு வேலை செய்தவர்கள் மஞ்சளாகவே மாறிவிட்டார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா, மிகைப்படுத்தலா?

கெமிஸ்ட்ரி வாத்தியார் எழுதியது:

உண்மைதான். ஆனால் இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்துவிடுகின்றன. பிரித்துச் சொல்கிறேன்.

ஒன்று, சாயம். டிஎன்டி தூள் தோலில் படிந்தால் மஞ்சளாகக் கறை பிடிக்கும். முகம், கை, கழுத்து எல்லாம். தொப்பிக்கு வெளியே தெரியும் முன்முடி செம்பட்டையாகிவிடும். தலையணை உறைகூட மஞ்சளாகும் என்று பிற்காலத்தில் பேட்டி கொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் இவர்களுக்குக் 'கேனரி' என்று பட்டப்பெயர், மஞ்சள் குருவி. வேலையை விட்டால் சில வாரங்களில், சில மாதங்களில் கறை போய்விடும். கர்ப்பமாக இருந்தபோது வேலை செய்த சிலருக்குக் குழந்தையும் மஞ்சள் நிறத்தோடு பிறந்து, பிறகு நிறம் மாறியது.

இரண்டாவது, விஷம். டிஎன்டி மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கையில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் இன்னும் வேகமாக. உள்ளே போனதும் கல்லீரலைத் தாக்கும், ரத்தத்தையும் கெடுக்கும். இதில் வரும் மஞ்சள் காமாலை சாயமல்ல, கல்லீரல் சாகிறது என்பதன் அடையாளம். தோலில் கறை இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் வரவில்லை. கறை அதிகமில்லாத சிலருக்கு வந்து, சில வாரங்களில் செத்தும் போனார்கள். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் கொடுமை.

1916 தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு இதை 'நச்சுக் காமாலை' என்ற பெயரில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆலையில் வேலை பார்த்த இரண்டு பெண் மருத்துவர்களே 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் தொழிலாளிகளுக்கு என்னென்ன ஆகிறது என்று எழுதினார்கள். பதிவான மரணங்கள்: 1916-ல் 52, 1917-ல் 44, 1918-ல் 10. நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 400.

எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காற்றோட்டம் வைத்தார்கள். கையால் தொடும் வேலைகளை முடிந்தவரை இயந்திரத்துக்கு மாற்றினார்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து டிஎன்டியில் வைக்காமல் மாற்றி மாற்றிப் போட்டார்கள். மருத்துவப் பரிசோதனையும் வந்தது. அதாவது, 1916-ல் செத்தவர்கள் செத்திருக்க வேண்டியதில்லை.

பால் கொடுத்தார்களே என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். கொடுத்தார்கள். லீட்ஸ் பக்கம் பார்ன்போ ஆலையில் அதற்காகச் சொந்தப் பண்ணை வைத்து மாடே வளர்த்தார்கள். பால் உடம்புக்கு நல்லது. டிஎன்டிக்கு அது முறிவு இல்லை.

சாத்தூரான் எழுதியது:

வாத்தியார் சார் எழுதியதைப் படித்ததும் கை தன்னால் பின்கழுத்தைத் தடவியது. எங்கள் வீட்டில் மூன்று பேர் பட்டாசு ஆலைக்குப் போனவர்கள். அலுமினியப் பொடி ஒட்டிக்கொண்டால் எத்தனை குளித்தாலும் போகாது. வெள்ளிப் பூச்சு பூசின மாதிரி பேருந்தில் வருவார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது, உள்ளே விதிமுறை எப்படி இருந்தது? எங்கள் பக்கம் மருந்து கலக்கிற அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு, செருப்பு கூடாது, இரும்புச் சாமான் கூடாது, செல்போன் கூடாது என்று எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். எழுதி வைத்திருப்பார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நூல்வேலி எழுதியது:

சாத்தூரான் அண்ணே, கிட்டத்தட்ட அதேதான்.

மருந்து நிரப்பும் ஆலைகளில் உடை மாற்றும் கட்டடம் ஒன்று இருக்கும். அறையின் குறுக்கே ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் 'அழுக்கு', அந்தப் பக்கம் 'சுத்தம்'. வெளியிலிருந்து வந்த உடை, செருப்பு எல்லாம் இந்தப் பக்கமே நிற்க வேண்டும். தடுப்பைத் தாண்டினால் ஆலை கொடுத்த அங்கி, தொப்பி, ஆணி அடிக்காத காலணி. கொண்டை ஊசி கூடாது, மோதிரம் கூடாது, உலோகக் கொக்கி வைத்த உள்ளாடைகூடக் கூடாது. கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியாவிட்டால் நூல் சுற்றிக்கொள்ள விட்டார்கள். தீக்குச்சியோ சிகரெட்டோ பையில் அகப்பட்டால் நீதிமன்றம்தான். அபராதம் உண்டு, சிறையும் உண்டு. மறந்துபோய்ப் பையில் வைத்திருந்தேன் என்று சொன்னவர்களும் தப்பவில்லை.

சோதனை போடுவதற்கென்றே பெண் காவலர்களை வைத்தார்கள். பிரிட்டனில் பெண்கள் சீருடை போட்டுக் காவல் வேலைக்கு வந்ததில் இந்த ஆலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் வாசலில் பையைச் சோதித்ததோடு நிற்கவில்லை. மாலையில் தெருவில் இந்தப் பெண்கள் யாரோடு போகிறார்கள் என்பதையும் கண்காணித்தார்கள். மணி சார் சொல்லும் விடுதலை எப்படிப்பட்டது என்பதற்கு இதுவும் கணக்கில் வரட்டும்.

குன்னூர் காற்று எழுதியது:

கிரெட்னா பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்காட்லாந்து-இங்கிலாந்து எல்லையில், ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் ஊர் என்று பெயர் பெற்ற அதே கிரெட்னாதான். அங்கே மைல் கணக்கில் நீண்ட ஓர் ஆலையையே ஊராகக் கட்டினார்கள். 1917-ல் வேலை பார்த்த 16,000 சொச்சம் பேரில் 11,000-க்கு மேல் பெண்கள். செய்தது கார்டைட், குண்டை உந்தித் தள்ளும் மருந்து.

நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் சேர்த்துக் கையால் பிசைய வேண்டும், மாவு பிசைகிற மாதிரி. போர்ச் செய்தியாளராக அங்கே போன ஆர்தர் கானன் டாயில் (ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதினாரே, அவர்தான்) அதற்குச் 'சாத்தானின் கஞ்சி' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு அங்கே இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் அதுதான் பெயர்.

எனக்கு இதில் ஆர்வம் வரக் காரணம், எங்கள் அருவங்காடு. மேட்டுப்பாளையம் ரயிலில் வருகிறவர்களுக்குக் கார்டைட் பேக்டரி என்றால் தெரியும். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே கட்டினார்கள். அதே மருந்து, அதே சாம்ராஜ்யம்.

கொசுறு ஒன்று. கார்டைட் செய்ய அசிட்டோன் வேண்டும். அது கிடைக்காமல் திண்டாடியபோது, மாவுப் பொருளை நொதிக்க வைத்து அசிட்டோன் எடுக்கும் வழியைச் சொன்னவர் கைம் வைஸ்மன், பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர். மக்காச்சோளம் தட்டுப்பாடானதும் 1917-ல் பள்ளிப் பிள்ளைகளை விட்டுக் காட்டுக் கொட்டைகளைப் பொறுக்கச் சொன்னார்கள். எதற்கு என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

பனித்துளி எழுதியது:

கிரெட்னாவுக்காகத்தான் அந்த வட்டாரத்துச் சாராயக் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது என்பார்களே?

குன்னூர் காற்று எழுதியது:

ஆமாம், 1916-ல். கார்லைல் நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து. ஆனால் அதற்குக் காரணம் பெண்கள் இல்லை, ஆலை கட்ட வந்த ஆயிரக்கணக்கான கட்டடத் தொழிலாளிகள். சம்பள நாளில் கார்லைல் தாங்கவில்லை. தற்காலிகம் என்று எடுத்த கடைகளை அரசு 1970-கள் வரை நடத்தியது. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

சாத்தூரான் எழுதியது:

விபத்துகளைப் பற்றி எழுதுங்கள் நூல்வேலி அக்கா. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த இழைக்குள் வந்தேன்.

நூல்வேலி எழுதியது:

எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

பார்ன்போ, 1916 டிசம்பர் 5. இரவு ஷிப்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. 42-ஆம் அறையில் நாலரை அங்குலக் குண்டுகளுக்கு மருந்து நிரப்பி, பியூஸ் (குண்டை வெடிக்க வைக்கும் பாகம்) வைத்து, மேல்மூடியை இயந்திரத்தில் திருகி இறுக்குவது வேலை. பத்தரை மணி வாக்கில் இயந்திரத்தில் இருந்த ஒரு குண்டு வெடித்தது. 35 பெண்கள் செத்தார்கள். சிலரை அடையாளம் காட்டியது கழுத்தில் போட்டிருந்த அடையாள வில்லை மட்டும்தான். காயம்பட்டவர்கள் பலர். உடல்களை எடுத்ததும், சில மணி நேரத்துக்குள் அதே அறையில் வேலை செய்ய மற்றப் பெண்கள் முன்வந்தார்கள்.

தலைமைத் தளபதி ஹெய்க் பிரான்சிலிருந்து பாராட்டுச் செய்தி அனுப்பினார். ஆனால் லீட்ஸ் நகரத்துக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. தணிக்கை. உள்ளூர்ப் பத்திரிகையில் 'விபத்தில் இறந்தார்' என்று இரங்கல் குறிப்புகள் மட்டும் வரிசையாக வந்தன. ஒரே வாரத்தில் இத்தனை இளம்பெண்கள் விபத்தில் இறந்தால் படிப்பவர்களுக்குப் புரியாதா? புரிந்திருக்கும். பேசக்கூடாது, அவ்வளவுதான். உண்மை அதிகாரபூர்வமாக வெளியே வந்தது 1924-ல்.

ஆறு வாரம் கழித்து, 1917 ஜனவரி 19 அன்று, லண்டனின் கிழக்கே சில்வர்டவுன். அங்கே நடந்தது குண்டு நிரப்பும் வேலை இல்லை, டிஎன்டியைச் சுத்திகரிப்பது. சுத்திகரிப்பு, தயாரிப்பதைவிட ஆபத்தானது. குடியிருப்புகளுக்கு நடுவே இதைச் செய்யாதீர்கள் என்று ஆலைக்காரர்களே எதிர்த்தும் அரசு கேட்கவில்லை. தீப்பிடித்து 50 டன் டிஎன்டி வெடித்தது. 73 பேர் பலி. ஆயிரக்கணக்கான வீடுகள் சேதம். தலைநகரமே பார்த்த நெருப்பு என்பதால் அதை மறைக்க முடியவில்லை.

பெரியது சில்வெல், நாட்டிங்காம் பக்கம், 1918 ஜூலை 1. கோடை வெயில், மாலை நேரம். 134 பேர் செத்ததில் அடையாளம் காண முடிந்தது 32 பேரை மட்டும். மற்றவர்களை அட்டன்பரோ தேவாலயத்தில் மொத்தமாகப் புதைத்தார்கள். பத்திரிகையில் வந்தது, நாட்டின் மத்தியப் பகுதியில் ஓர் ஆலையில் வெடிவிபத்து, 60 பேர் இறந்திருக்கலாம் என்பது மட்டுமே. அந்த ஆலை போர் முழுவதும் நிரப்பிய குண்டுகள் சுமார் 1 கோடியே 90 லட்சம். விபத்துக்குப் பிறகும் உற்பத்தி நிற்கவில்லை. இந்த ஆலைக்கே பிரிட்டனின் உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. கொடுக்கவில்லை, அது போர்முனைக்கு மட்டும்.

1916 ஏப்ரல் 2 அன்று கென்ட் மாவட்டத்தில் ஃபாவர்ஷாமில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அத்தனை பேரும் ஆண்களும் பையன்களும். அன்று ஞாயிற்றுக்கிழமை, பெண்களுக்கு வேலை இல்லை. தப்பித்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

சாத்தூரான் எழுதியது:

'உராய்வு காரணமாக வெடித்தது' என்று எங்கள் பக்கம் செய்தி வரும். எத்தனை தடவை படித்தாச்சு. செத்தவர் பெயர், வயது, அரசு அறிவித்த தொகை. அடுத்த விபத்தில் பெயர் மட்டும் மாறும். இங்கே பெயரையாவது போடுகிறார்கள்.

கெமிஸ்ட்ரி வாத்தியார் எழுதியது:

சாத்தூரான் தம்பி சொல்வது புரிகிறது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக்கூடாது. பட்டாசு ஆலையில் மருந்து அளவு மீறியது யார், ஒரு அறையில் ஆள் கூடுதலாக உட்காரவைத்தது யார் என்று கேட்க ஒரு முதலாளி இருக்கிறார், அவருக்கு மேலே ஆய்வு செய்ய ஒரு அரசு இருக்கிறது. பார்ன்போவிலும் சில்வெல்லிலும் ஆலையும் அரசுடையது, அவசரமும் அரசுடையது, விசாரணையும் அரசுடையது, தணிக்கையும் அரசுடையது. யாரிடம் போய்க் கேட்பது?

தொழிற்சங்கத் தாத்தா எழுதியது:

இத்தனை பக்கம் ஓடியும் கூலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

1915 மார்ச்சில் லாயிட் ஜார்ஜ் தொழிற்சங்கத் தலைவர்களைக் கூப்பிட்டு உடன்பாடு போட்டார். போர் முடியும் வரை வேலைநிறுத்தம் இல்லை, திறன் தொழிலாளி செய்த வேலையைப் பிரித்துப் பயிற்சி இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் கொடுக்கலாம், போர் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பெண்கள் உள்ளே வருவதற்கு முன்பே அவர்களை வெளியே அனுப்பும் தேதி எழுதியாகிவிட்டது. எங்கள் சங்கத்து ஆட்களும் சேர்ந்துதான் எழுதினார்கள், மூடி மறைக்க மாட்டேன். சங்கத்து ஆண்கள் பயந்தது பெண்களைக் கண்டு அல்ல, மலிவுக் கூலியைக் கண்டு. அதற்கு மருந்து சம கூலி கேட்டுப் போராடுவது. அதைச் செய்யாமல் கதவைச் சாத்தப் பார்த்தார்கள்.

போராடியது மேரி மக்கார்தர் என்ற பெண். பெண் தொழிலாளர்களின் தேசியக் கூட்டமைப்பை நடத்தியவர். அவர் கொடுத்த அழுத்தத்தில் 1915 அக்டோபரில் ஆண் செய்த வேலையைச் செய்யும் பெண்ணுக்கு வாரம் ஒரு பவுண்டு என்று அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. முதலில் அது வெறும் பரிந்துரை. கட்டாயமாக்க மறுபடி போராட வேண்டியிருந்தது. கட்டாயமான பிறகும் முதலாளிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இயந்திரத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்துவிட்டு, இது ஆண் செய்த வேலை இல்லை, புதிய வேலை என்றார்கள். கூலி குறைந்தது.

இன்னொன்று, வேலையை விட்டுப் போக முதலாளி தர வேண்டிய சான்றிதழ். முதலாளி எழுதிக் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால் ஆறு வாரம் வேறெங்கும் சேர முடியாது. பக்கத்து ஆலையில் கூலி அதிகம் என்று தெரிந்தும் நகர முடியாது. 1917-ல் பெரிய எதிர்ப்பு வந்த பிறகே அதை எடுத்தார்கள். இதற்கு நடுவில், தளவாடப் பெண்கள் ரோமக் கோட்டு வாங்குகிறார்கள், பியானோ வாங்குகிறார்கள் என்று பத்திரிகைகளில் கேலிச்சித்திரம். போர் முடிவதற்குள் விலைவாசி இரட்டிப்பானது. அதை யாரும் படமாகப் போடவில்லை.

நைட் ஷிப்ட் எழுதியது:

தாத்தா வந்தால் இழைக்குச் சூடு வந்துவிடும் 🙂

மாடிவீட்டு மணி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். அருமையான தகவல்கள். ஆனால் என் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. கூலி குறைவு, நச்சு, வெடிவிபத்து, எல்லாம் சரி. இருந்தும் அந்தப் பெண்கள் ஏன் மறுபடி மறுபடி வந்தார்கள்? வீட்டு வேலைக்காரியாக வாங்கியதைவிடக் கூலி அதிகம் என்பதால்தான். மாலையில் தன் நேரம் தன்னுடையது. கையில் காசு, விடுதியில் தோழிகள், உணவகத்தில் சூடான சாப்பாடு. கிரெட்னாவில் நடன அரங்கும் திரைப்பட அரங்கும் கட்டிக் கொடுத்தார்கள். வயதான காலத்தில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் பேட்டி கொடுத்தவர்களில் பலர் அந்த நாட்களைச் சந்தோஷமாகவே நினைத்துப் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்வதை நாம் நம்ப வேண்டாமா? அப்புறம், 1918 ஓட்டுரிமை. அது கண்முன் நிற்கிறதே.

நூல்வேலி எழுதியது:

சந்தோஷமாக இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவே இல்லை. பதினெட்டு வயதில் முதல் தடவை சொந்தக் காசு கையில் வந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? எஜமானியின் மணியோசைக்கு ஓடாமல், ஷிப்ட் சங்கு ஊதினால் வீட்டுக்குப் போகலாம் என்பது பெரிய விஷயம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுரிமைதான் இடிக்கிறது.

1918 பிப்ரவரிச் சட்டத்தின்படி ஓட்டுக் கிடைத்த பெண்கள் 84 லட்சம். நிபந்தனை, வயது 30 ஆகியிருக்க வேண்டும். அதோடு வீட்டுக்காரியாகவோ வீட்டுக்காரரின் மனைவியாகவோ இருக்க வேண்டும், சொத்துத் தகுதி அல்லது பட்டப்படிப்பு இருந்தாலும் போதும். தளவாட ஆலைப் பெண்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், விடுதியிலோ வாடகை அறையிலோ இருந்தவர்கள். குண்டு நிரப்பிய கைக்கு ஓட்டில்லை. அந்தக் கையை மேற்பார்த்த சீமாட்டிக்கு ஓட்டு. ஆண்களுக்கு 21 வயது, போர்ச்சேவை செய்தவர்களுக்கு 19 போதும். ஏன் 30? ஆண்கள் லட்சக்கணக்கில் செத்துப்போயிருந்தார்கள். பெண்களுக்கும் 21 என்றால் வாக்காளரில் பெண்கள் மிகுந்துவிடுவார்கள். சமமாக 21 ஆனது 1928-ல்.

சட்டம் ஏன் வந்தது என்றும் பாருங்கள். ஓராண்டாவது ஒரே முகவரியில் குடியிருந்தால்தான் ஓட்டு என்று பழைய விதி. போர்முனைக்குப் போன சிப்பாய்கள் எல்லோரும் அதை இழந்து நின்றார்கள். அதைச் சரிசெய்யத்தான் 1916 அக்டோபரில் நாடாளுமன்ற அவைத்தலைவர் தலைமையில் மாநாடு கூடியது. கதவு திறந்தது சிப்பாய்களுக்காக. அந்த இடைவெளியில் காலை வைத்தவர்கள், போருக்கு முன்பே ஐம்பது ஆண்டுகளாக மனுவும் கூட்டமும் போராட்டமும் நடத்திவந்த பெண்கள்.

கடைசியாக ஒன்று. பிரான்சிலும் சுமார் நான்கு லட்சம் பெண்கள் ஆயுத ஆலைகளில் வேலை செய்தார்கள். அதே குண்டு, அதே மருந்து, அதே போர். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-ல். குண்டு செய்ததற்குக் கூலியாகத்தான் ஓட்டு என்றால் அவர்கள் கணக்கு எங்கே போனது?

மாடிவீட்டு மணி எழுதியது:

பிரான்சில் கீழவை ஒப்புக்கொண்டும் செனட் தடுத்தது. அது அந்த நாட்டு அரசியல். பிரிட்டனில் எதிர்த்துவந்த அஸ்குவித்தே 1917-ல் மனம் மாறினார், பெண்களின் போர்க்காலப் பணியைக் காரணமாகச் சொன்னார். தலைவர்கள் மனம் மாறுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமல்லவா? அந்தச் சாக்கை இந்தப் பெண்கள் கொடுத்தார்கள் என்கிறேன்.

தொழிற்சங்கத் தாத்தா எழுதியது:

சாக்கு என்ற வரைக்கும் சரி மணி. நன்றிக்கடன் என்று மட்டும் சொல்லாதே. நன்றி எப்படி இருந்தது என்று போர் முடிந்த பிறகு பார்க்கலாம்.

1918 நவம்பர் 11 அன்று சண்டை நின்றது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான பெண்கள் வேலை இழந்தார்கள். வேலையில்லாக் கால உதவித்தொகை கொடுத்தார்கள். ஆணுக்கு வாரம் 29 ஷில்லிங், பெண்ணுக்கு 25. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் வேலை அலுவலகத்தில் போய் நின்றால், ஒரு வீட்டில் வேலைக்காரி தேவை, போகிறாயா என்பார்கள். மாட்டேன் என்றால் தொகை நின்றுவிடும். ஆலையில் ஓராண்டுக்கு முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லாத சம்பளமாக இருந்தாலும் சரி. நேற்று வரை நாட்டைக் காக்கும் வீராங்கனைகள் என்று எழுதிய பத்திரிகைகள், அரசுப் பணத்தில் உட்கார்ந்து தின்கிறார்கள் என்று எழுதின.

1919-ல் போருக்கு முந்தைய வழக்கங்களை மீட்கும் சட்டம் வந்து, 1915-ல் கொடுத்த வாக்கு நிறைவேறியது. ஆண்களுக்குக் கொடுத்த வாக்கு. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் 1911-ல் இருந்ததைவிடச் சற்றுக் குறைவு.

இருபதாண்டு கழித்து மறுபடி போர். 1941 டிசம்பரில், இந்தத் தடவை கேட்டுக்கொண்டிருக்காமல் சட்டமே போட்டு, மணமாகாத இளம்பெண்களைப் படைப்பிரிவுக்கோ ஆலைக்கோ வா என்று கூப்பிட்டார்கள்.

பனித்துளி எழுதியது:

வேலைக்காரி வேலைக்குத் திரும்ப மறுத்தவர்கள் என்ன ஆனார்கள் தாத்தா?

தொழிற்சங்கத் தாத்தா எழுதியது:

மேல்முறையீடு செய்தார்கள் அம்மா. பெரும்பாலும் தோற்றார்கள். சிலர் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போனார்கள். பலர் கல்யாணம் செய்துகொண்டார்கள். நிறையப் பேர் அந்த மாடிப்படியையே மறுபடி தேய்த்தார்கள்.

நைட் ஷிப்ட் எழுதியது:

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது, அது என் ஏரியா. கால்பந்து.

ஆலைகளில் இடைவேளையில் பந்து உதைக்க ஆரம்பித்து, ஆலைக்கு ஆலை பெண்கள் அணி வந்துவிட்டது. வடகிழக்கு இங்கிலாந்தில் அவர்களுக்கென்றே கோப்பை நடத்தினார்கள். பிரெஸ்டன் நகரத்தில் டிராம் வண்டி செய்துகொண்டிருந்த டிக் கெர் நிறுவனம் போரில் குண்டு செய்ய மாறியது. அங்கே இருந்த பெண்கள் 1917 கிறிஸ்துமஸ் அன்று டீப்டேல் மைதானத்தில் இன்னொரு ஆலை அணியை 4-0 என்று அடித்தார்கள். பார்க்க வந்தவர்கள் 10,000 பேர். வசூல் காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்கு.

போர் முடிந்து ஆலையில் குண்டு நின்றது, இவர்கள் ஆட்டம் நிற்கவில்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் 53,000 பேர். உள்ளே இடமில்லாமல் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில்.

1921 டிசம்பர் 5 அன்று கால்பந்துச் சங்கம் கூடி, இது பெண்களுக்கு ஏற்ற ஆட்டமே இல்லை என்று சொல்லி, சங்கத்து மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. வசூல் பணம் தர்மத்துக்குச் சரியாகப் போகவில்லை என்றும் ஒரு காரணம் சொன்னார்கள். தடை விலக ஐம்பது ஆண்டு ஆயிற்று.

சாத்தூரான் எழுதியது:

டிஎன்டி தொடலாம், பந்து தொடக்கூடாதா? அந்த அணி அத்தோடு கலைந்துவிட்டதா?

நைட் ஷிப்ட் எழுதியது:

எங்கே கலைந்தது! அடுத்த ஆண்டே கப்பல் ஏறி அமெரிக்கா போய் ஆண்கள் அணிகளோடு ஆடினார்கள், சில ஆட்டங்களில் ஜெயிக்கவும் செய்தார்கள். பெயர் மாறி 1965 வரை அணி ஓடியது. அவர்களில் லில்லி பார் என்ற ஆட்டக்காரரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த இழை தாங்காது. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பகுதியில் தனி இழை போடுகிறேன், அங்கே வாருங்கள்.